சேலம்க்கு ஒரு பஸ்

திருச்சியிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பார்க்க ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. முன்னால் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி மொழி, பின்னால் தகவலைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல், உள்ளே நானே பஸ் ஸ்டாண்டில் நின்று போர்டைப் பார்த்தும் கண்டக்டர்களைக் கேட்டும் சேர்த்த நேரங்கள். முதல் ஒரு வருடம் அது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். நாள் முழுக்கத் தமிழில் பேசுகிறவன்தான், ஆனால் கீபோர்டில் கை வைத்தால் தலைப்பு, பட்டன், பிழைச் செய்தி எல்லாம் தானாக ஆங்கிலத்தில் வந்து விழுகிறது.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா டீக்கடை வைத்திருக்கிறார். பஸ் நேரத்துக்கு அந்த வட்டாரத்தில் உண்மையான சர்வர் அவர்தான். டீ குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கேட்பார்கள். அவரிடம் போனில் தளத்தைக் காட்டினேன். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குடா, ஆனா இதை நான் யாருக்குக் காட்டுறது?" என்றார். அன்று ராத்திரி ஆரம்பித்த வேலை. சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், ஐந்து மாதம் இழுத்தது.

முதலில் குறுக்கு வழிதான். பக்கத்தை அப்படியே இயந்திர மொழிபெயர்ப்பில் விட்டுப் பார்த்தேன். முகப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வீடு' என்று வந்தது, அதோடு மூடிவிட்டேன். பக்கம் ஆங்கிலத்தில் இறங்கி, அப்புறம் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடித் தமிழாக மாறுவதும் எனக்கு ஒத்துவரவில்லை. பஸ் ஸ்டாண்டில் கூட்ட நேரத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியும், ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் பாதித் தமிழ் பாதி ஆங்கிலம். சர்வரிலிருந்து கிளம்பும்போதே தமிழாகக் கிளம்ப வேண்டும், அதில் உறுதியாக இருந்தேன்.

பிஎச்பியில் இதற்கு எல்லாரும் சொல்கிற வழி கெட்டெக்ஸ்ட். கோடில் திரைக்குப் போகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு அடிக்கோடு ஃபங்ஷனுக்குள் போட்டுவிட வேண்டும், ஒரு கருவி அவற்றையெல்லாம் பொறுக்கி ஒரு கோப்பில் தரும், நாம் எதிரெதிரே தமிழ் எழுதினால் அதை இன்னொரு கருவி சர்வர் படிக்கிற வடிவத்துக்கு மாற்றித் தரும். லேப்டாப்பில் பத்து நிமிடத்தில் ஓடியது. ஹோஸ்டிங்கில் ஏற்றினேன், முழுக்க ஆங்கிலம். பிழை எதுவும் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. இரண்டு ராத்திரி போன பிறகு தெரிந்தது என்னவென்றால், கெட்டெக்ஸ்டுக்கு சர்வரின் இயங்குதளத்திலேயே தமிழ் லொகேல், அதாவது அந்த மொழிக்கான அமைப்பு, நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சண்டை போடாது, வாயைத் திறக்காமல் மூல வாக்கியத்தையே திருப்பித் தந்துவிடும். பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் லொகேல் நிறுவ நமக்கு ஏது உரிமை. ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதினேன். 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது, பதிவோடு சரி.

அதனால் கெட்டெக்ஸ்டைக் கழற்றிவிட்டு, மொழிக்கு ஒரு பிஎச்பி கோப்பு, அதற்குள் சாவிக்கு எதிரே வாக்கியமாக ஒரு பெரிய அர்ரே என்று இறங்கினேன். லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் வேலை செய்கிறவர்கள் சிரிப்பீர்கள், உங்களுக்கு இது பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருக்கிறது. ஒன்று மட்டும் இந்த மாற்றத்தில் நல்லதாக முடிந்தது. கெட்டெக்ஸ்டில் ஆங்கில வாக்கியமே சாவி. என் தளத்தில் 'ஸ்டாப்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்று பஸ் நிற்கும் இடம், இன்னொன்று பக்கம் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தும் பட்டன். ஆங்கிலத்துக்கு ஒரே சொல், தமிழுக்கு 'நிறுத்தம்', 'நிறுத்து'. கெட்டெக்ஸ்டிலும் சூழலைக் கூடவே சொல்லிப் பிரிக்க வழி இருக்கிறது, ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தோன்றவேண்டுமே. அர்ரேயில் சாவிக்கு நானே பெயர் வைப்பதால் தேடல் பக்கத்து பட்டன், வழித்தடப் பக்கத்துத் தலைப்பு என்று இடத்தைச் சொல்லியே வைத்தேன். அர்த்தம் குழம்பவில்லை. மொழிபெயர்ப்பும் அகராதியைப் பார்த்து அல்ல, பஸ்ஸைப் பார்த்து. 'வயா' என்பதற்கு என்ன போடுவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை, சேலம் வண்டியின் போர்டிலேயே 'வழி: முசிறி, நாமக்கல்' என்று எழுதியிருக்கிறது.

அடுத்தது, வருகிறவருக்கு எந்த மொழியைக் காட்டுவது. பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையிலும் அக்செப்ட்-லாங்குவேஜ் என்று ஒரு ஹெடர், அதாவது கூடவே ஒரு குறிப்பு, அனுப்பும், அதில் அவருக்கு வேண்டிய மொழிகள் வரிசையாக, எது எவ்வளவு பிடிக்கும் என்று புள்ளி வைத்து எண்ணோடு இருக்கும். அதைப் படித்துத் தமிழ் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலம். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஒரு வாரம் விட்டு லாகைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாரும் ஆங்கிலம். சித்தப்பாவின் போனும் ஆங்கிலம்தான்! கடையில் வாங்கும்போது எப்படி வந்ததோ அப்படியே வைத்திருக்கிறார், வாட்ஸப்பில் தமிழில் வாய்ஸ் அனுப்புவார், யூடியூப்பில் தமிழில் பேசித் தேடுவார், செட்டிங்ஸ் பக்கம் போனதே இல்லை. அந்த ஹெடர் போன் எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்கிறது, ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எடுத்துவிட்டேன். வெறும் முகவரிக்கு வந்தால் தமிழ், மேலே வலப்பக்கம் மாற்றிக்கொள்ள ஒரு சுட்டி, மாற்றினால் பிரவுசரில் குக்கி என்ற சின்னக் குறிப்பாக நினைவில் வைத்துக்கொள்ளும். சுட்டியில் கொடி கிடையாது. தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவது? இலங்கையிலும் சிங்கப்பூரிலும்கூட அது ஆட்சி மொழி.

குக்கி வைத்தேனா, அதில் அடுத்த வினை. ஹோஸ்டிங்கை விட்டு ஒரு சின்ன விபிஎஸ்ஸுக்கு, அதாவது நமக்கென்று தனியான வாடகை சர்வருக்கு, வந்திருந்த நேரம், தளம் வேகமாக இருக்கட்டும் என்று என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் பத்து நிமிட கேஷ் போட்டிருந்தேன், ஒரு தடவை தயாரித்த பக்கத்தையே அவ்வளவு நேரமும் எல்லாருக்கும் தரும். கேஷ் முகவரியை மட்டும்தான் பார்க்கும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே முகவரி, குக்கிதான் வேறு. பத்து நிமிடத்தில் முதலில் யார் வருகிறாரோ அவர் மொழியில்தான் அடுத்த பத்து நிமிடம் ஊருக்கே பக்கம். இங்கே படிக்க வந்த வெளிமாநில மாணவர் ஒருவர், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் ஆங்கிலம், அடுத்த பக்கம் தமிழ், கொஞ்ச நேரம் கழித்துப் புதுப்பித்தால் திரும்ப ஆங்கிலம் என்று பொறுமையாக மெயில் எழுதியிருந்தார். நான் சோதிக்கும்போதெல்லாம் சரியாகவே இருந்தது, ஏனென்றால் ராத்திரி ஒரு மணிக்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

வேரி என்றொரு ஹெடர் இருக்கிறது, குக்கியைப் பார்த்துப் பிரித்து வை என்று கேஷுக்குச் சொல்லலாம். ஆனால் ஆளுக்கு ஒரு குக்கி, அப்புறம் கேஷில் என்னதான் மிஞ்சும். அதனால் முகவரியையே பிரித்தேன். டொமைனுக்கு அடுத்து சாய்கோடு போட்டு தமிழுக்கு டிஏ, ஆங்கிலத்துக்கு இஎன். ஒரு முகவரிக்கு ஒரு மொழி, எப்போதும். முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். கூகுளுக்கும் இதுதான் வசதி, அதன் தேடல் போட் குக்கியும் வைத்துக்கொள்வதில்லை, பொதுவாக மொழி ஹெடரும் அனுப்புவதில்லை. பழைய ஏற்பாட்டில் என் ஆங்கிலப் பக்கம் ஒன்றுகூட அதன் கண்ணில் பட்டிருக்காது. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஹெச்ரெஃப்லாங் வரிகளைப் போட்டு, இதன் தமிழ் வடிவம் அங்கே, ஆங்கில வடிவம் இங்கே என்று சர்வரே எழுதிவிடுகிறது. ஊர்ப் பெயரையும் முகவரியில் தமிழிலேயே வைக்கலாம் என்று ஆசைப்பட்டு உடனே கைவிட்டேன். ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட், சதவீதக் குறியோடு விரித்தால் ஒன்பது எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லே 45 எழுத்துக்கு நீள்கிறது. வாட்ஸப்பில் அதை அனுப்பினால் வைரஸ் லிங்க் என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள்.

ஊர்ப் பெயர்களுக்கும் நிறுத்தங்களுக்கும் தமிழ் வேண்டும். நண்பர் ஒருவரிடம் நிறுத்தங்களின் பட்டியல் எக்செல்லில் இருந்தது, தமிழில்தான். திறந்தால் தமிழ், காப்பி செய்து டேட்டாபேஸில் ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கந்தல். பாமினி! ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளை அடித்து 'தமிழ்' என்று காட்டுகிற அந்தப் பழைய எழுத்துரு. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, மாற்றினேன், ஆனால் நடுநடுவே நிஜமாகவே ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்களும் சேர்ந்து மாறி, 'கேட்' என்று இருந்த இடத்தில் யாருக்கும் தெரியாத ஒரு தமிழ்ச் சொல் பிறந்திருந்தது. உட்கார்ந்து கையால் திருத்தினேன்.

எல்லாம் சேர்ந்தது. தலைப்பு வாக்கியத்தை அர்ரேயில் வைத்திருந்தேன், 'இந்த இடத்தில் ஊர்' என்று ஒரு துளை விட்டு, அதை ஒட்டினாற்போல் 'க்கு அடுத்த பஸ்' என்று. ஆங்கிலத்தில் 'டு' போட்டு ஊரை எழுதினால் வேலை முடிந்தது. தமிழ்ப் பக்கத்தை முதல் தடவையாகத் திறந்து பெருமையாக சித்தப்பாவிடம் நீட்டினேன். மதுரைக்கு அடுத்த பஸ், சரி. துவாக்குடிக்கு, சரி. அவர் விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

"சேலம்க்கு அடுத்த பஸ்."

இன்னொரு தடவை சத்தமாகப் படித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என்னடா இது, டப்பிங் படத்துல பேசுற மாதிரி இருக்கு?" கீழே தள்ளினார். ஈரோடுக்கு. கரூர்க்கு. நாமக்கல்க்கு. சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு, எனக்கு அடுப்பு வெக்கையா வெட்கமா என்று தெரியாமல் வியர்த்தது.

இந்த இடத்தில்தான் மூன்று மாதம் போனது. முதல் வேகத்தில், விதி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் இ, ஐ என்று முடிந்தால் அப்படியே க்கு. ம் என்று முடிந்தால் ம்மை எடுத்துவிட்டு த்து போட்டுக் க்கு: சேலத்துக்கு, கும்பகோணத்துக்கு. ர் என்று முடிந்தால் நடுவில் உ: கரூருக்கு, தஞ்சாவூருக்கு. டு என்று முடிந்தால் ட் இரட்டிக்கும்: ஈரோட்டுக்கு. அடடா என்று அடுத்த ஊரை ஓட்டினால் செங்கல்பட்டு 'செங்கல்பட்ட்டுக்கு' ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எதற்கு என்று தெரியாமல் மனப்பாடம் செய்த உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், வன்தொடர்க் குற்றியலுகரம் எல்லாம் இப்போது இஃப் கண்டிஷனாக எதிரே வந்து நிற்கிறது. ஈரோடு உயிர்த்தொடர், இரட்டிக்கும். செங்கல்பட்டு வன்தொடர், இரட்டிக்காது. தமிழாசிரியர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அதே உயிர்த்தொடரில் திருவையாறு வந்தால் ற் இரட்டித்துத் திருவையாற்றுக்கு. அதையும் எழுதினேன்.

அப்புறம் நாமக்கல்லும் நாகர்கோவிலும். இரண்டும் ல் என்றே முடிகின்றன. நாமக்கல்லுக்கு என்கிறோம், நாகர்கோவிலுக்கு என்கிறோம். ஒன்றில் ல் இரட்டிக்கிறது, இன்னொன்றில் இல்லை. தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும், அது தெரிந்த விதிதான், ஆனால் நாமக்கல்லின் கடைசியில் இருக்கும் 'கல்' தனிச்சொல் என்றும், கோவிலின் கடைசியில் இருக்கும் 'வில்' அப்படியல்ல என்றும் பிஎச்பிக்கு யார் சொல்வது? எழுத்தை எண்ணித் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமில்லை இது. 'கல்' என்று முடிந்தால் என்று இன்னொரு இஃப் போட்டேன். இதையும் தாண்டி வந்தால் உள்ளூர் நிறுத்தங்கள். நம்பர் 1 டோல்கேட். அதற்கு டோல்கேட்டுக்கு. ஆங்கிலத்திலிருந்து வந்த ட் என்றால் இரட்டிக்கும் போலிருக்கிறது, எந்த இலக்கணத்தில் படித்தோம்? ஜங்ஷன் என்றால் ஜங்ஷனுக்கு, ரவுண்டானா என்றால் ரவுண்டானாவுக்கு. ஃபங்ஷன் இரண்டு திரை நீளத்துக்கு வந்தபோது, ஊர்கள் நூறுகூட இல்லை, எதற்கு இந்தக் கூத்து என்று உறைத்தது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு டேட்டாபேஸில் ஊர் அட்டவணைக்கு இரண்டு பத்தி, அதாவது நெடுவரிசை, கூடுதலாகச் சேர்த்தேன். ஒன்றில் 'க்கு' சேர்ந்த வடிவம் முழுதாக, இன்னொன்றில் 'இல்' சேர்ந்த வடிவம் முழுதாக. 'இருந்து' வேண்டுமென்றால் இரண்டாவதோடு ஒட்டிக்கொள்ளலாம், அது தகராறு செய்யாது. மொழிக் கோப்பில் துளை இப்போது 'ஊர்' என்று இல்லை, 'ஊருக்கு', 'ஊரில்' என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தப் பத்திகள் காலி, காலியாக இருந்தால் பெயரையே எடுத்துக்கொள்ளும். வாக்கியத்தில் எது முன்னால் எது பின்னால் என்பதையும் அந்தந்த மொழிக் கோப்பே முடிவு செய்கிறது. 'திருச்சியிலிருந்து சேலத்துக்கு' என்ற வரிசையும் ஆங்கில வரிசையும் ஒன்றல்ல, துளைகளுக்குப் பெயர் வைத்திருந்தால் இடம் மாறினாலும் கவலையில்லை.

பத்திகளை நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் ஊரைச் சொல்ல, சித்தப்பா பாலை ஆற்றிக்கொண்டே சொல்வார், யோசிக்கவே மாட்டார்.

"சிதம்பரம்?"

"சிதம்பரத்துக்கு."

"நாகர்கோவில்?"

"நாகர்கோயிலுக்கு."

"திருவையாறு?"

"திருவையாத்துக்கு. இதெல்லாமாடா கேப்பாங்க?"

அவர் திருவையாத்துக்கு என்றால் நான் திருவையாற்றுக்கு என்று எழுதிக்கொள்வேன், அவ்வளவுதான் என் பங்கு. மூன்று மாதமாக நான் விதி எழுதி முடிக்க முடியாததை இரண்டு டீ நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

மற்றவை சில்லறை. நேரத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். பிஎச்பியில் தேதி எழுதும் பழைய ஸ்டிரெஃப்டைம் ஃபங்ஷன் 8.1 பதிப்பிலிருந்தே கைவிடப்பட்ட பட்டியலில் போய்விட்டது, அதனால் பல மொழிகளுக்கான இன்டில் நீட்டிப்பில் இருக்கிற தேதி வடிவமைப்பியைப் பயன்படுத்தினேன். மாதப் பெயர், கிழமை எல்லாம் ஒழுங்காக வந்தன. நேரத்துக்கு வந்தபோது, என் சர்வரில் இருந்த பதிப்பு, ராத்திரி 9:40 வண்டியைப் 'பிற்பகல் 9:40' என்று காட்டியது. பிஎம் என்பதற்கு நேர்ச்சொல், தப்பில்லை, ஆனால் அந்த வண்டியைப் பிடிக்கப் பகலில் யாராவது வந்து நின்றுவிட்டால்? இன்னொரு குறியைக் கொடுத்தால் பொழுதை நுட்பமாகப் பிரித்துச் சொல்கிறது என்று பார்த்தால், ஏழரை மணி வண்டிக்கு 'அந்தி மாலை' என்று வந்தது. துறையூர் பஸ்ஸுக்கு அந்தி மாலை கொஞ்சம் அதிகம். நானே பத்து வரி எழுதிக்கொண்டேன்: அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு. மாலை எப்போது இரவாகிறது என்று கடையில் கேட்டேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், ஏழு என்று வைத்துவிட்டேன்.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு பொறி உண்டு. பிஎச்பியின் சாதாரண சார்ட் பைட்டைப் பார்த்து அடுக்கும், யூனிகோடில் ற, ர-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. அகராதியில் அது கடைசிக்கு ஒன்று முந்தியது. அதனால் துறையூர் முன்னால், துவாக்குடி பின்னால் என்று வந்தது, அகராதிப்படி தலைகீழ். புள்ளி வைத்த எழுத்தையும் கடைசியில் தள்ளிவிடும், குமுளிக்குப் பின்னால் கும்பகோணம். இன்டில்லில் கொலேட்டர் என்று இருக்கிறது, தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் ஒரு வரியில் சரியாகிறது. நீளமான பெயரை வெட்டும்போதும் இன்டில்லின், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை முழுதாக எண்ணும் கிராபீம் ஃபங்ஷன்கள்தான் கைகொடுத்தன. பைட்டில் வெட்டினால் கறுப்பு வைரக் கேள்விக்குறி, யூனிகோடு குறிகளை எண்ணும் எம்பி ஃபங்ஷனில் வெட்டினால் புள்ளி மட்டும் போய் டோல்கேட் 'டோல்கேட' என்று நிற்கும். 'தமிழ்' அதற்கு ஐந்து எழுத்து, நமக்கு மூன்று.

இப்போது தளம் இரண்டு மொழியிலும் ஓடுகிறது. புது ஊர் சேர்க்கும்போது அந்த இரண்டு பத்திகளை நிரப்ப மறந்தால் 'சேலம்க்கு' திரும்ப வந்துவிடக்கூடாது என்று, தமிழில் பத்தி காலியாக இருந்தால் வாக்கியமாக எழுதாமல் 'செல்லும் ஊர்:' என்று போட்டுப் பெயரை அப்படியே காட்டச் சொல்லியிருக்கிறேன். நாற்பது நாளாக ஒரே ஒரு ஊர் அப்படி நிற்கிறது. பெங்களூரு. நான் பெங்களூருவுக்கு என்கிறேன், சித்தப்பா பெங்களூருக்குத்தான் என்று அடித்துச் சொல்கிறார், பெஞ்சில் இருந்தவர் பெங்களூர் என்றே போடு என்கிறார். பத்தி இன்னும் காலிதான்.